க்யூட்டியின் வலது கிளிக் மெனு: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

பாரிமுனைப் பக்கத்து மொத்த வியாபாரக் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன், எல்லாமே க்யூட்டி (Qt, மென்பொருளின் திரைகளை அமைக்க உதவும் நிரல் தொகுப்பு) தரும் விட்ஜெட்களில்தான், அதாவது டேபிள், பட்டன் போன்ற திரை உறுப்புகளில். அதில் வலது கிளிக் மெனுவைப் பற்றி மட்டும் இங்கே.

மெனுவைத் திறப்பது சுலபம். விட்ஜெட்டுக்குக் கஸ்டம் கான்டெக்ஸ்ட் மெனு பாலிசி (மெனுவை நம் நிரலே காட்டும் என்ற அமைப்பு) வைத்தால், வலது கிளிக்கை அறிவிக்கும் சிக்னலோடு கிளிக் செய்த இடமும் வந்துவிடும். டேபிளில் அந்த இடம் வியூபோர்ட்டின் (தலைப்பு தவிர்த்து வரிசைகள் தெரியும் பகுதி) கணக்கு என்பதால், அதை முழுத் திரையின் கணக்குக்கு மாற்றும் மேப்-டு-குளோபலையும் வியூபோர்ட்டில்தான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தலைப்பு வரிசையின் உயரத்துக்கு மெனு மேலே ஏறி நிற்கும்.

மெனு எந்த வரிசைக்கு உரியது என்பதில்தான் நிஜமான வேலை இருக்கிறது. பல வரிசைகளைச் சேர்த்துத் தேர்வு செய்ய விடும் எக்ஸ்டெண்டட் செலக்‌ஷனில், தேர்வாகாத வரிசைமேல் வலது கிளிக் செய்தால் தேர்வு அதற்கு மாறிவிடும், சரி. ஆனால் பட்டியலுக்குக் கீழே காலி இடத்தில் செய்தால் பழைய தேர்வு அப்படியே இருக்கும். அங்கே வந்த மெனுவில் 'நீக்கு' கொடுத்தால், ஸ்க்ரோலில் மேலே போய்க் கண்ணுக்கே தெரியாத பில் வரி அழிந்துபோகலாம். அதனால், கிளிக் செய்த இடத்தில் எந்த வரிசை என்று சொல்லும் இன்டெக்ஸ்-அட் செல்லாத இன்டெக்ஸ் தந்தால், அதாவது அங்கே வரிசையே இல்லை என்றால், வரிசை சார்ந்த கட்டளைகளை மங்கலாக்கி விடுகிறேன். மறைப்பதில்லை, ஏனென்றால் நாள் முழுக்க பில் போடுகிறவர் மெனுவைப் படிப்பதில்லை, மூன்றாவது இடத்தில் என்ன இருக்கும் என்று அவர் கைக்கே தெரியும், அந்த இடம் நகரக் கூடாது.

"மவுஸ எடுக்காம இது வருமா தம்பி?" என்று ஒரு கடையில் கணக்குப்பிள்ளை கேட்டார். ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்தினால் வரும். ஆனால் மவுஸா கீபோர்டா என்ற தகவல் அந்த சிக்னலில் இல்லை, கான்டெக்ஸ்ட்-மெனு-ஈவென்ட் ஃபங்ஷனுக்கு வரும் ஈவென்ட்டின் ரீசனில்தான் (மெனு எதனால் கேட்கப்பட்டது என்ற குறிப்பு) இருக்கிறது. அதனால் அந்த ஃபங்ஷனையே ஓவர்ரைடு செய்து (அதற்குப் பதில் என் நிரலை எழுதி), கீபோர்டு என்றால் கரன்ட் இன்டெக்ஸின் விஷுவல்-ரெக்டை, அதாவது இப்போது நிற்கும் கட்டம் திரையில் இருக்கும் இடத்தை, எடுத்து அந்த வரிசைக்குக் கீழே மெனுவைத் திறக்கிறேன். இதைச் செய்த பிறகுதான் கவுண்டரில் இருப்பவர்கள் மெனுவைப் பயன்படுத்தவே ஆரம்பித்தார்கள்.

விண்டோஸில் பட்டனை விட்ட பிறகு மெனு வரும், லினக்ஸில் அழுத்தியதுமே வந்துவிடும். ஒரே கடையில் இரண்டும் ஓடினால் கை தடுமாறும். க்யூட்டி 6.8-இல், ஸ்டைல்-ஹின்ட்ஸ் என்ற பொது அமைப்புகளில், மெனு எப்போது வர வேண்டும் என்று சொல்லும் கான்டெக்ஸ்ட்-மெனு-ட்ரிகர் வந்தது, இப்போது எல்லா கவுண்டரிலும் 'ரிலீஸ்' என்றே வைத்திருக்கிறேன். அடுத்ததாக அந்தக் கஸ்டம் சிக்னலிலும் க்யூட்டிக்காரர்கள் ரீசனைச் சேர்த்துக் கொடுத்தால் ஓவர்ரைடு வேலை மிச்சமாகும்.