‘ஃபேமிலி செட்’ வில்லா? பில் போடுமுன் லிம்பைத் திருப்பிப் பாருங்கள்

அப்பா, அம்மா, பத்து வயது மகள். மூவரும் சேர்ந்து வில்வித்தை பழகலாமென்று கடைக்குப் போனால், மூன்று ரிகர்வ் (நுனி முன்னோக்கி வளைந்த) வில், பன்னிரண்டு அம்பு என்று ‘ஃபேமிலி செட்’ ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். திடலில் பையைத் திறந்தால் மூன்று வில்லும் அச்சு அசல் ஒன்றே. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைந்து கொடுக்கும் பகுதிதான் லிம்ப். கீழ் லிம்பின் உட்பக்கத்தில் பொடி எழுத்து: 68 அங்குலம், 28 அங்குலத்தில் 30 பவுண்டு.

நாணை 28 அங்குலம் இழுத்தால் விரலில் விழும் பாரம் 30 பவுண்டு என்பது அதன் பொருள். இழுப்பு ஓர் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ ஏறக்குறைய 2 பவுண்டு மாறும். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் அவரவர் இழுப்பு நீளம் தெரிந்துவிடும். அப்பாவுக்கு 185 செ.மீ. வகுத்தால் 74, அதாவது 29 அங்குலம். அவர் தாங்க வேண்டியது 32 பவுண்டு. மகளுக்கு இழுப்பு 22 அங்குலம்தான். அப்படியும் 18 பவுண்டு. அவளுக்கு 10, 12 போதும். அம்மாவுக்கு 16–20, அப்பாவுக்கு 20–24 என்று தொடங்கியிருக்க வேண்டும். பாரம் மிஞ்சினால் தோள் காதுக்கு ஏறும், இடுப்பு பின்னால் வளையும். அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது. கடையில் சொன்னதென்னவோ, “பழகப் பழகக் கை பலப்பட்டுடும் சார்.”

அம்பில் நடந்தது இன்னும் மோசம். பன்னிரண்டும் 26 அங்குலம். அப்பா முழுதாக இழுத்தால் முனை, அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை விட்டு உள்ளே விழுந்துவிடும். அந்த நிலையில் நாணை விட்டால் அம்பு வில் பிடித்த கையிலேயே பாயும். புதிதாகப் பழகுபவருக்கு இழுப்பு நீளத்தைவிட 2 அங்குலம் கூடுதலாக அம்பு இருக்க வேண்டும். தண்டில் ஸ்பைன் (அம்பின் விறைப்பைச் சொல்லும் எண்) 500 என்று வேறு போட்டிருந்தது. எண் சிறிதானால் விறைப்பு அதிகம். மகள் இழுக்கும் இழுப்புக்கு அது வளையவே வளையாது. வலக்கையால் இழுப்பவர் எய்யும் அம்பெல்லாம் இடப்பக்கமே போகும், பிள்ளை தன் குறியைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

நாண் ஏற்ற உதவும் ஸ்ட்ரிங்கர் கயிறு கொடுக்கவில்லை. வில்லுக்கு நடுவே காலை விட்டு வளைத்து நாண் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். லிம்ப் முறுக்கிக்கொள்ள அதுவே போதும். நாண் ஏற்றிய வில்லை நாண் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்: நாண் இரு லிம்புகளுக்கும் நட்டநடுவில் ஓட வேண்டும். அம்மாவின் வில்லில் மேல் நுனியில் அது ஓரம் ஒதுங்கியிருந்தது. திருப்பிக் கேட்டதற்கு, “நாண் ஏத்தின வில்லை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்.” ஏற்றியது அவர்களே!

வாங்குவதானால் கழற்றி மாட்டும் ‘டேக்டவுன்’ வகையையே கேளுங்கள். கை தேறியதும் ரைசரை (நடுவிலுள்ள கைப்பிடிப் பகுதி) வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றலாம். அதே திருகு அமைப்புக்கு அடுத்த பவுண்டு லிம்ப் தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மகளுக்கு 68 அங்குல வில் வேண்டாம், 54 போதும். ஒவ்வொருவருக்கும் விரலைக் காக்கும் ஃபிங்கர் டேபும் முன்கையைக் காக்கும் ஆர்ம் கார்டும் தனி. எந்தக் கண் ஆதிக்கக் கண் (குறி பார்ப்பதில் முந்தும் கண்) என்று பார்க்காமல் வலது வில்லா இடது வில்லா என்று முடிவு செய்யும் கடையில் நிற்கவே வேண்டாம். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுப் ‘பவர்’ காட்டினால், அந்த வில்லையாவது வாங்காதீர்கள். லிம்பில் கீறல் விட்டிருக்கலாம்.