பலாவும் ஈரப்பலாவும்

ஆர்ட்டோகார்ப்பஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றாலும், மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய பலாவையும் பசிபிக் தீவுகளிலிருந்து பரவிய ஈரப்பலாவையும் இலையைக் கொண்டே பிரித்தறியலாம்: முன்னதன் இலை சிறியது, பிளவற்றது, பின்னதன் பேரிலை நடுநரம்பின் இருபுறமும் ஆழமாகப் பிளவுபட்டது. இரண்டையும் கீறினால் வெண்பால் வடியும். பலா அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்க்க (அத்தனை எடையைச் சிறுகிளை தாங்குமா?), ஈரப்பலா கிளை நுனிகளில் காய்க்கிறது.

காயை அறுக்கும்போதுதான் முதன்மையான வேறுபாடு புலப்படும். பலாப்பழம் தனியொரு பூவின் கனியன்று. பூங்கொத்து முழுவதும் சேர்ந்து உருவாகும் கூட்டுக்கனி. அதில் கருவுற்ற ஒவ்வொரு பூவின் பூவிதழும் சதைப்பற்றாகிக் கொட்டையைச் சூழ்ந்து சுளையாகிறது. கருவுறாதவை சடையாக எஞ்சுகின்றன. ஈரப்பலாவிலோ பூவிதழ்கள் ஒன்றோடொன்று இணைந்து மாவுச்சத்து மிகுந்த ஒரே சதையாகிவிடுவதால் சுளை பிரிவதில்லை. வெந்த துண்டு உருளைக்கிழங்கை ஒத்திருப்பதும் இதனாலேயே. பயிரிடப்படும் பல வகைகளில் கொட்டையே இல்லாமையால், அவை வேரிலிருந்து கிளைக்கும் கன்றுகளால் பெருக்கப்படுகின்றன. 1793இல் கப்பல் தலைவர் வில்லியம் பிளை டஹிட்டியிலிருந்து கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுசேர்த்தவையும் தொட்டிகளில் வளர்த்த கன்றுகளே.