ஏ தரம் எடுத்த நிறுவனமும் உங்கள் சிம்மும்: பாதுகாப்பு மதிப்பெண் சேவைகள் பற்றி

கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனமோ, முல்லைத்தீவில் ஒரு கடன் சங்கமோ அலுவலகத்துக்கு இணைய இணைப்பு எடுக்கப் போகிறது என்று வையுங்கள். காசு தருகிற பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி வரும்: இணைப்புத் தரும் தொலைபேசி நிறுவனத்தின் இணையப் பாதுகாப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது? இதற்குப் பதிலாக ஒரு பக்க மதிப்பெண் அறிக்கையைக் கோப்பில் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணைப் போடுகிற சேவைகள் நல்லவைதான். ஆனால் தொலைபேசி நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு அவை போதாது, சில வேளை பிழையாகவும் வழிகாட்டும்.

பெயர் பெற்றவை இரண்டு. பிட்சைட் 250 முதல் 900 வரை ஓர் எண் தரும். 740க்கு மேல் போனால் மேல்வகுப்பு, 640க்குக் கீழே அடிவகுப்பு. செக்கியூரிட்டி ஸ்கோர்கார்ட் பள்ளிக்கூட ரிப்போட் மாதிரி ஏ முதல் எப் வரை பத்துப் பிரிவுகளில் எழுத்துப் போடும். இரண்டும் வேலை செய்வது ஒரே முறையில். நிறுவனத்திடம் ஒன்றும் கேட்பதில்லை, படலைக்கு வெளியே நின்று வீட்டைப் பார்க்கின்றன. எந்தப் போர்ட் (இணையத்தில் இருந்து கணினிக்குள் நுழையும் வாசல்) திறந்து கிடக்கிறது, சர்வரில் ஓடும் மென்பொருள் எவ்வளவு பழையது, இணையத்தளச் சான்றிதழ் காலாவதியா, கள்ள மின்னஞ்சலைத் தடுக்கும் எஸ்பிஎப், டீமார்க் பதிவுகள் உண்டா, ஊழியர்களின் கடவுச்சொற்கள் எங்காவது கசிந்து கிடக்கின்றனவா, நிறுவனத்தின் ஐபி முகவரிகளில் (இணையத்தில் இணைப்புகளுக்கு உள்ள இலக்கங்கள்) இருந்து தீநிரல் (கெடுதல் செய்யும் மென்பொருள்) போக்குவரத்து வருகிறதா என்பவைதான் கணக்கில் வரும்.

வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ இது சரி. தொலைபேசி நிறுவனத்துக்கு வரும்போது அந்தக் கடைசி விடயத்தில் கணக்குப் பிசகும். நிறுவனத்தின் பெயரில் பதிவான ஐபி முகவரிகளில் பெரும்பகுதி நிறுவனம் பாவிப்பதல்ல, வாடிக்கையாளர் பாவிப்பது. மாங்குளத்தில் ஒரு கடையின் கமராப் பெட்டி, வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லோடேயே இருந்து தீநிரல் பிடித்தால், வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது தொலைபேசி நிறுவனத்தின் கணினி போலத்தான் தெரியும். கைபேசி இணையத்தில் இது இன்னும் மோசம். ஒரே பொது முகவரியை எத்தனையோ பேர் பங்கிடுகிறார்கள். ஒருவரின் கைபேசி கெட்டால் அந்த முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறும். தேடுபொறியைத் திறந்தவுடன் 'நான் ரோபோ அல்ல' என்று திரும்பத் திரும்பக் கேட்பதற்கு ஒரு காரணம் இதுதான். ஆக, வாடிக்கையாளர் முகவரிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வீட்டு இணைப்புகள் அதிகம் வைத்திருக்கும் நிறுவனம் குறைந்த புள்ளி எடுக்கும், பெரும்பாலும் வணிக இணைப்பு விற்கும் நிறுவனம் கூடிய புள்ளி எடுக்கும். அதில் பாதுகாப்புக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அறிக்கையைக் கையில் எடுத்தவுடன் கேட்க வேண்டியது, வாடிக்கையாளர் முகவரிகளைப் பிரித்துவிட்டுத்தான் கணக்குப் போட்டார்களா என்பது. பிரிக்கவில்லை என்றால் இரண்டு நிறுவனங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே வேண்டாம்.

அதற்காக வாடிக்கையாளர் ரவுட்டர்களை விட்டுவிட முடியாது. 2016 நவம்பரில் ஜேர்மனியின் டொய்ச்ச ரெலிகொம்மில் ஏறத்தாழ 9 இலட்சம் ரவுட்டர்கள் செயலிழந்தன. நிறுவனம் தூரத்தில் இருந்து ரவுட்டரைப் பராமரிக்கப் பாவிக்கும் 7547 ஆம் போர்ட் வழியாக மிராய் வகைத் தீநிரல் உள்ளே போகப் பார்த்தது. அந்தப் போர்ட்டை உலகம் முழுக்கத் திறந்து வைத்திருப்பது நிறுவனத்தின் பிழை, வாடிக்கையாளருடையதல்ல. இப்படியானதை மதிப்பெண் சேவைகள் நன்றாகவே கண்டுபிடிக்கும்.

இனி, பெரிய நிறுவனங்கள் உண்மையில் எப்படி விழுந்தன என்று பார்த்தால்தான் மதிப்பெண்ணின் எல்லை விளங்கும். அவுஸ்திரேலியாவின் ஒப்டஸ் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 98 இலட்சம் பேரின் விவரங்களை இழந்தது. அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பு நீதிமன்றத்தில் சொன்ன கதை இது: 2018இல் ஒரு ஏபிஐயின் (மென்பொருள்கள் தரவு கேட்டு வாங்கும் வழி) நுழைவுக் கட்டுப்பாட்டில் நிரல் பிழை நுழைந்தது. 2021இல் பிரதான டொமைனில் (இணையப் பெயரில்) அதைக் கண்டு திருத்தினார்கள். பாவனையில் இல்லாத இன்னொரு டொமைனில் அதே பிழை அப்படியே கிடந்தது. வெளியில் இருந்து பார்த்தால் சான்றிதழ் சரியாகவும் மென்பொருள் புதியதாகவும் தெரிந்து, ஏ போட்டிருக்கலாம். பூட்டுப் போடாத கதவும் சாத்தித்தான் இருக்கும்.

பிரித்தானியாவின் ரோக்ரோக் கதை எங்கள் நாட்டுக்கு இன்னும் கிட்ட வரும். 2015இல் 156,959 வாடிக்கையாளரின் விவரங்கள் போயின, 4 இலட்சம் பவுண் தண்டம். உள்ளே போக உதவியது, இணையப் பக்கம் வழியாகத் தரவுத்தளத்துக்குக் கட்டளை நுழைக்கும் எஸ்கியூஎல் ஊடுருவல் என்ற பழைய வித்தை. அது வேலை செய்த பக்கங்கள் 2009இல் விலைக்கு வாங்கிய ரிஸ்காலி நிறுவனத்தின் மிச்சங்கள். அப்படிப் பக்கங்கள் இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது. இலங்கையில் எரிசலாற்றை ஹட்ச் 2018இல் எடுத்தது. எயார்டெல் 2024 ஜூனில் டயலொக்கோடு சேர்ந்தது. ரெலிகொம்மும் மொபிட்டலும் 2021இல் ஒரே பெயருக்குள் வந்தன. இங்கே ஏதும் பிழை நடந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கேள்விக்கொத்து அனுப்பும் அலுவலகம் முதலாவதாக எழுத வேண்டியது இதைத்தான்: சேர்ந்த நிறுவனத்தின் பழைய டொமைன்களும் வாடிக்கையாளர் தரவுத்தளமும் எந்தத் திகதியில் மூடப்பட்டன? திகதி சொல்லாத பதில், பதில் அல்ல.

தென்கொரியாதான் ஒப்பீட்டுக்கு நல்ல பாடம். எஸ்கே ரெலிகொம் 2025 ஏப்பிரலில் தன் முழு வாடிக்கையாளர் கூட்டத்தின் சிம் விவரங்களையும் இழந்தது. ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் ஐஎம்எஸ்ஐ இலக்கங்கள், அதாவது வலையமைப்பு சிம்மை அடையாளம் காணும் இலக்கங்கள். விசாரணையில் தெரிந்தது, முதல் தீநிரல் 2021இலேயே உள்ளே வந்துவிட்டது என்பது. 2022இல் ஒரு சர்வர் வழமைக்கு மாறாக நடந்ததைக் கண்டு சுத்தம் செய்தார்கள், அரசுக்கு அறிவிக்கவில்லை. சிம்மின் உயிர்நாடியான கேஐ என்ற இரகசியச் சாவியை மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்யாமல் வைத்திருந்தார்கள். போட்டி நிறுவனங்களான கேரீயும் எல்ஜி யூபிளஸ்ஸும் அதை மறையாக்கம் செய்திருந்தன. ஒப்பீடு என்றால் இதுதான் ஒப்பீடு, ஆனால் இது எந்த வெளி மதிப்பெண்ணிலும் தெரியாது. சரி, கேரீ நல்லது என்று போனால், அதே 2025இல் கள்ள பெம்டோசெல் பெட்டிகள் (கட்டடத்துக்குள் வைக்கும் குட்டிக் கோபுரங்கள்) மூலம் கேரீ வாடிக்கையாளரின் சரிபார்ப்புச் செய்திகளைப் பிடித்துக் காசு எடுத்தார்கள். ஒரு நிறுவனம் ஒரு விடயத்தில் கெட்டி, இன்னொன்றில் ஓட்டை. ஒற்றை எழுத்துக்குள் இது அடங்காது.

வெளியில் இருந்தே நீங்கள் பார்க்கக்கூடியவை இரண்டு, மதிப்பெண் வாங்கக் காசு கட்டத் தேவையில்லை. ஒன்று, ஆர்பிகேஐ. ஒரு தொகுதி ஐபி முகவரிகளுக்குப் போகும் வழி தன்னிடம் என்று அறிவிக்க உரிமை உள்ளவர் யார் என்று கையெழுத்திட்ட பதிவு அது. 2008இல் பாகிஸ்தான் ரெலிகொம் யூரியூப்பின் முகவரிகளைத் தவறுதலாக உலகத்துக்கே அறிவித்தது போன்றவற்றைத் தடுக்க வந்தது. ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் ஏஎஸ் 9329, டயலொக்கின் ஏஎஸ் 18001 என்ற வலையமைப்பு இலக்கங்களை எந்தப் பொது பீஜீபீ (இணைய வழித்தட) தேடுதளத்திலும் போட்டால், ஒவ்வொரு முகவரித் தொகுதிக்கும் பக்கத்தில் செல்லுபடியா இல்லையா என்று காட்டும். 'தெரியாது' என்று வருவது பதிவு போடாத தொகுதி. ஆனால் பதிவு போட்டதோடு காரியம் முடியாது. ஒரேஞ்ச் ஸ்பெயின் 2024 ஜனவரி 3இல் பல மணி நேரம் விழுந்ததே இந்தப் பதிவை ஒருவன் மாற்றியதால்தான். பதிவை வைத்திருந்த கணக்கின் கடவுச்சொல் சின்னப் பிள்ளையும் ஊகிக்கக்கூடியது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை.

மற்றது டீமார்க். நிறுவனத்தின் பெயரில் கள்ள மின்னஞ்சல் அனுப்புவதைத் தடுக்கும் பதிவு. இலவசச் சோதனைத் தளங்களில் டொமைன் பெயரைக் கொடுத்தால் கொள்கை என்ற இடத்தில் மூன்றில் ஒன்று வரும். 'நன்' என்றால் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள், 'குவாரண்டைன்' குப்பைக்குள் தள்ளும், 'ரிஜெக்ட்' திருப்பி அனுப்பும். பில் மின்னஞ்சலில் வரும் நிறுவனம் 'நன்'னில் இருந்தால், அந்தப் பெயரில் வரும் பில்லின் இணைப்பை அழுத்தாமல் செயலியைத் திறந்து பார்ப்பது புத்தி.

வெளியில் இருந்து தெரியாததில் பெரியது காப்புப்பிரதி (பக்அப்). உக்ரேனின் கீவ்ஸ்ரார் 2023 டிசெம்பர் 12இல் விழுந்தபோது ஏறத்தாழ 2 கோடி 40 இலட்சம் பேரின் தொடர்பு அறுந்தது. ஆயிரக்கணக்கான மெய்நிகர் சர்வர்களை அழித்துவிட்டுப் போனார்கள். இங்கே 2023இல் அரசாங்க மேகக்கணினி கப்பம் கேட்கும் தீநிரலில் மாட்டி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. வலையமைப்போடு தொடுப்பில்லாத பிரதி உண்டா, அதைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது என்று கேட்க வேண்டும். 'காப்புப்பிரதி உண்டு' என்பதை மட்டும் நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இதனால்தான் அலுவலகத்துக்கு இரண்டு இணைப்பு என்று சொல்வது. ஆனால் எந்த இரண்டு? டயலொக்கின் 077, 076, 074 ஓடு எயார்டெலாக இருந்த 075ஐ வைத்தால் இப்போது அது ஒரே வீடு. பைபர் ரெலிகொம்மில், மாற்று இணைப்பு 071 அல்லது 070இல் என்றாலும் அதே கதை. 078, 072 இரண்டும் ஹட்ச். வெவ்வேறு வீட்டில் இருந்து எடுத்தாலும், புதுக்குடியிருப்புப் பக்கம் இரண்டு நிறுவனத்தின் அன்ரெனாவும் ஒரே கோபுரத்தில் தொங்கலாம். அது வேறு கவலை: அங்கே மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்து போகலாம்.

இனி தனி ஆளின் சிம். நிறுவனம் எந்த எழுத்து எடுத்தாலும் உங்கள் இலக்கம் போவது பெரும்பாலும் கிளையின் சேவை மேசையில். 'சிம் தொலைஞ்சு போச்சு' என்று சொல்லி வேறு ஒருவர் புதுச் சிம் எடுத்தால், வங்கியின் ஓடிபி அவர் கைக்குப் போகும். வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளுக்கு இது சின்ன விடயமல்ல. அமெரிக்காவில் இப்படி ஒரு பிணக்கில் ரீ-மொபைல் 3 கோடி 30 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பு 2025இல் வெளியே வந்தது. எந்த நிறுவனம் நல்லது என்று பார்க்க வேண்டுமானால் கிளையில் நின்று மாற்றுச் சிம்முக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். அடையாள அட்டையின் பிரதி போதுமா, மூலப்பிரதி வேண்டுமா? படம் எடுக்கிறார்களா? பழைய சிம்முக்கு எச்சரிக்கைச் செய்தி போகுமா? ரீலோட் கடையிலும் மாற்றுச் சிம் தருவார்களா? இந்த நான்குக்கும் வரும் பதில், ஸ்கோர்கார்டின் பத்துப் பிரிவையும் விடப் பெறுமதி.

வன்னிக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. இடப்பெயர்வில் அடையாள அட்டை தொலைந்த காலத்தில் ஆரோ ஒருவர் பெயரில் எடுத்த சிம்மை இன்னும் பாவிக்கிற ஆட்கள் உண்டு. பதிவில் இருப்பவர் நாளைக்குப் போய் மாற்றுச் சிம் கேட்டால் சட்டப்படி அது அவருக்குத்தான். #132# அடித்துப் பதிவைப் பாருங்கள். வேறு பெயர் என்றால் அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு, இருவரின் அடையாள அட்டையோடும் கிளைக்குப் போய்ப் பெயர் மாற்றுங்கள். அதுவரை அந்த இலக்கத்தை வங்கியில் கொடுக்க வேண்டாம்.

சிக்னல் திடீரென்று முழுதாகப் போய், பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் கைபேசியை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் வேறு கைபேசியில் இருந்து முதலில் வங்கிக்கும் பிறகு தொலைபேசி நிறுவனத்துக்கும் எடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். சமூகவலைக் கணக்கும் போயிருந்தால், இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் இலக்கம் 101.

ஆரோ சொன்னார்கள் என்று *21* அல்லது **21* என்று தொடங்கும் எண்ணை அடித்தால் உங்கள் அழைப்புகள் எல்லாம் வேறு இலக்கத்துக்குப் போகும். குரலில் சொல்லும் ஓடிபியும் அதோடு போகும். *#21# நிலையைக் காட்டும், ##002# எல்லாத் திருப்பலையும் அழிக்கும்.

2ஜீ பற்றியும் கேட்கிறார்கள். 2ஜீயில் கோபுரம் தன்னை நிரூபிக்கத் தேவையில்லை, அதனால் கள்ளக் கோபுரத்தை நம்பிவிடும். அன்ட்ரொயிட் 12க்குப் பிறகு வந்த பல கைபேசிகளில் சிம் அமைப்புக்குள் 2ஜீயை நிறுத்தலாம். கோபுரம் தூரமான ஊர்களில் நிறுத்தினால் சில இடங்களில் அழைப்பே வராது. வவுனியா நகரத்தில் நிறுத்துங்கள், காட்டுக் கரை ஊர் என்றால் ஒரு கிழமை நிறுத்திப் பார்த்து முடிவெடுங்கள்.

சிம் பின் (சிம்மைப் பூட்டும் இரகசிய இலக்கம்) போடுவது எல்லாருக்கும் நல்லது. கைபேசி களவு போனால், கள்ளன் சிம்மைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டு ஓடிபி எடுப்பதை அது தடுக்கும். பாதுகாப்பு அமைப்பில் சிம் பூட்டு என்ற இடத்தில் இருக்கும். முதலில் நிறுவனத்தின் ஆரம்பப் பின்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகித்து அடிக்க வேண்டாம். மூன்று முறை பிழைத்தால் பியூகே என்ற திறப்பு இலக்கத்தைக் கேட்கும், அதையும் பத்து முறை பிழைத்தால் சிம் செத்துவிடும். பியூகே சிம் வந்த அட்டையில் அச்சிட்டிருக்கும். அந்த அட்டையைக் கைபேசி உறைக்குள் வைக்காமல் உறுதிக் கட்டோடு வையுங்கள்.