கல்லுடைக்க அதிர்வலையா, லேசரா? ரத்தக்கசிவை வைத்து ஓர் அலசல்

சிறுநீரகக் கல் என்றதும் நம் தோட்டத்து ஆட்கள் முதலில் கேட்பது "வெட்டு இல்லாதது எது?" என்றுதான். ரத்தம் கசிந்தால் எதில் சட்டென்று தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

உடம்புக்கு வெளியிலிருந்து அலையை அனுப்பிக் கல்லை உடைக்கும் அதிர்வலையில் கத்தியும் இல்லை, உள்ளே விடும் குழாயும் இல்லை. 1980இல் மியூனிக்கில் மனிதருக்கு முதன்முதலாகச் செய்த முறை இது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒன்றிரண்டு நாள் சிறுநீர் ரோஸ் நிறத்தில் போனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அலை கல்லோடு சேர்த்து சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் அடிக்கும். அபூர்வமாகச் சிலருக்குச் சிறுநீரகத்தின் உறைக்குள்ளோ அதைச் சுற்றியோ ரத்தம் கட்டிக்கொள்ளும். வலியோடு வெளியே தெரியும் அளவுக்கு அப்படி ஆவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. மண்ணீரல் கிழிவது அதைவிட அபூர்வம்.

சிக்கல் என்னவென்றால், இந்த ரத்தம் உள்ளேயே தேங்குவதால் சிறுநீர் தெளிவாகவே இருக்கலாம். விலாவில் தாங்க முடியாத வலி, தலைசுற்றல், வெளிறிய முகம், இவைதான் அடையாளம். பலருக்கு ஓய்வும் கண்காணிப்பும் போதும், சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். கண்டியில் இருந்தால் உடனே ஸ்கேன் எடுக்கலாம். மஸ்கெலியாவுக்கு மேலே லயத்தில், ராத்திரி ஆட்டோ தேடும் நேரத்தில் இது வந்தால் வேறு கதை.

சிறுநீர்வழியாகக் குழாய் விட்டு லேசரால் உடைப்பதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும், பிறகு சிறுநீர் வழியில் வைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் சில நாள் உறுத்தும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை குடிப்பவருக்கு, அதை நிறுத்த முடியாவிட்டால், இதுதான் பாதுகாப்பு. முதுகில் துளையிடும் முறை 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு. மூன்றிலும் ரத்தப்போக்கு அதிகம் இதில்தான், ஆனால் நோயாளி வார்டிலேயே இருப்பதால் கண்ணுக்குத் தப்பாது.

பிரஷர் கட்டுக்குள் இருந்து, கல்லும் சிறிதாக இருந்தால் நான் அதிர்வலைக்கே கை தூக்குவேன். பிரஷர் ஏறி இறங்குபவர் முதலில் அதைச் சரிப்படுத்த வேண்டும். ரத்தம் உறையும் கோளாறு இருந்து அதைச் சரிசெய்யாதவருக்கும் கர்ப்பிணிக்கும் அதிர்வலை கூடவே கூடாது.

இன்னொன்று, ரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் ஆஸ்பிரினின் பெயரே நம் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது, "நெஞ்சு வலிக்குக் குடுத்த சின்ன மாத்திரை" என்பார்கள். அதனால் கிளினிக் கொப்பியோடு மாத்திரை உறையையும் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தவே வேண்டாம். அப்புறம், அதிர்வலை செய்த அன்றைக்கு ராத்திரி கண்டியிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் தங்குங்கள். கொழுந்துக் கூடையை எப்போது சுமக்கலாம் என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.