மடக்குக்கத்திக்கு எந்த ஸ்டீல்? முதலில் உலையைப் பாருங்கள்

ஸ்லிப்ஜாயின்ட், அதாவது பூட்டு இல்லாமல் முதுகு ஸ்பிரிங்கின் பிடியில் மட்டும் திறந்து நிற்கும் மடக்குக்கத்தி செய்ய உட்காருகிற எல்லோரும் முதலில் கேட்பது எந்த ஸ்டீல் நல்லது என்பதைத்தான். 1084-ஆ, 1095-ஆ, ஓ1-ஆ, இல்லை துருப்பிடிக்காத வகை ஏதாவதா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு அலகும் ஒரு ஸ்பிரிங்கும் வீணான பிறகுதான் கேள்வியே தலைகீழாக இருக்கிறது என்று உறைத்தது. கையில் இருப்பது என்ன உலை, அதில் சூட்டை ஒரே அளவில் எவ்வளவு நேரம் நிறுத்த முடியும் என்று முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்தால் பாதி ஸ்டீல் பட்டியலில் இருந்து தானாகவே விழுந்துவிடும்.

எளிய உலையை எடுத்துக்கொள்வோம். ஸ்லிப்ஜாயின்ட் அலகு சின்னது, நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் தாராளம். அதற்கு நெருப்புச் செங்கல்லில் குடைந்த ஒரு குழியும் ஒரு கேஸ் டார்ச்சும் போதும். இந்த ஏற்பாட்டுக்கு என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு 1084-க்குத்தான். அதில் கார்பன் கிட்டத்தட்ட 0.84 சதவீதம், சூடேறியதும் கரையாமல் மிச்சம் நிற்க எதுவும் இல்லாத அளவு. அதனால் 815 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்து ஒன்றிரண்டு நிமிடம் நின்றாலே எண்ணெயில் விட்டுக் கடினமாக்கத் தயார், நீண்ட நேரம் ஊற வைக்க வேண்டியதில்லை.

காந்தம் ஒட்டாமல் போனதும் எண்ணெயில் விடலாம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. காந்தம் விடுவது 770 டிகிரியில், அதற்கு மேல் இன்னும் நாற்பது ஐம்பது டிகிரி ஏற வேண்டும். என்னைக் கேட்டால் காந்தத்தைவிடக் கண்ணை நம்பலாம். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், சிவந்துகொண்டே வரும் அலகின் மேல் ஒரு கட்டத்தில் மேகம் போல ஒரு கருநிழல் ஊர்ந்து போகும். உள்ளே ஸ்டீல் உருமாறும்போது சூட்டை விழுங்குவதால் வரும் நிழல் அது. நிழல் முழுக்க விலகி, அலகு முனையிலிருந்து அடிவரை ஒரே சிவப்பாகி, இன்னும் ஒரு சாயல் வெளுத்ததும் 50 டிகிரிக்குச் சூடாக்கி வைத்த தாவர எண்ணெயில் முனை கீழாக நேராக இறக்க வேண்டும். உள்ளே மேலும் கீழுமாக அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் கோணிக்கொள்ளும். எண்ணெய்ப் பாத்திரம் இரும்பாகவும் மூடி உள்ளதாகவும் இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடியைப் போட வேண்டுமே தவிர தண்ணீர் ஊற்றக் கூடாது.

சரி, 1095? பெயர் பெரிது. கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி போன்ற பெயர்பெற்ற மடக்குக்கத்தி நிறுவனங்களே அதைப் பயன்படுத்துகின்றன, கூர் நிற்பதில் 1084-ஐவிட ஒரு படி மேல் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அதில் மாங்கனீஸ் குறைவு, அதனால் குளிர்விக்க இருக்கும் அவகாசமும் குறைவு. ஏறக்குறைய ஒரு நொடிக்குள் 540 டிகிரிக்குக் கீழே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் முழு கடினம் வராது. இப்படிக் குளிர்விக்கவே செய்த வேகமான குவென்ச் எண்ணெய் இருந்தால் பிரச்சினை இல்லை. சமையல் எண்ணெயில் மெல்லிய வாய்ப்பகுதி கடினமாகி, தடித்த அடிப்பகுதி ஏமாற்றிவிடலாம். எண்ணெய் வேகம் போதவில்லை என்று நான் ஒருமுறை தண்ணீரில் விட்டேன். டிங் என்று கண்ணாடி விட்டது போல ஒரு சத்தம். வாயிலிருந்து முதுகு நோக்கி மயிரிழை விரிசல். இரண்டு வார வேலை.

ஓ1 விஷயம்தான் ஆளை நன்றாக ஏமாற்றும். எண்ணெயில் நிதானமாகக் குளிர்ந்தாலும் கடினமாகிவிடும் நல்ல குணம் அதற்கு, அதனால் டார்ச்சில் சிவக்க வைத்து எண்ணெயில் விட்டாலும் மேலே அரம் வழுக்கும், நாமும் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்போம். ஆனால் அதிலிருக்கும் குரோமியம், டங்ஸ்டன் கார்பைடுகள் வேண்டிய அளவு கரைய 800 டிகிரியை ஒட்டிப் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். செங்கல் குழியில் அத்தனை நேரம் ஒரே சூட்டில் நிறுத்துவது சாமானியமில்லை. சூடு கூடினால் ஸ்டீலுக்குள் இருக்கும் மணிகள் (grain) பெருத்து, அலகு உடைந்த இடம் சர்க்கரைக் கட்டி போல இருக்கும். அப்படிச் செய்த ஓ1, ஒழுங்காகச் செய்த 1084-ஐவிட மோசம். சூட்டை எண்ணில் குறித்து நிறுத்தும் மின்சார உலையான கில்ன் இருந்தால் கதையே வேறு, அப்போது நான் முதலில் எடுப்பது ஓ1-தான்.

துருப்பிடிக்காத வகையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஷேவிங் பிளேடுக்காகப் பிறந்த ஏஇபி-எல் அருமையான ஸ்டீல், ஆனால் 1070 டிகிரி அளவில் சூடு, ஃபாயில் உறை, இரண்டு அலுமினியப் பலகைகளுக்கு நடுவே அழுத்திக் குளிர்விப்பது, அப்புறம் உறைபனிக்கும் கீழே ஒரு குளிர்ச்சி என்று சடங்குகள் நீளும். கில்ன் இல்லாதவர் வெளியே கொடுத்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம். அப்படிக் கொடுக்கும்போது அலகுக்கு ஒரு கடினம், ஸ்பிரிங்குக்கு வேறு கடினம் என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரே மாதிரி பதப்படுத்திவிடுவார்கள் (பதப்படுத்துவது என்றால் கடினமான ஸ்டீலை மிதமாக மறுபடி சூடாக்கி உடையும் தன்மையைக் குறைப்பது).

ஸ்லிப்ஜாயின்ட்டில் பூட்டு கிடையாது. அலகைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருப்பது முதுகு ஸ்பிரிங் ஒன்றுதான். அதனால் டார்ச்சா கில்னா என்ற போட்டியை முடிவு செய்வது அலகு இல்லை, இந்த ஸ்பிரிங்தான் என்பது என் கட்சி. அலகை 200 டிகிரியில் இரண்டிரண்டு மணி நேரம் இருமுறை பதப்படுத்தினால் ராக்வெல் கடின அளவில் 60 பக்கம் நிற்கும், அதற்கு வீட்டு அவனே போதும். ஸ்பிரிங் 45-ஐ ஒட்டி இருக்க வேண்டும், அதற்கு 1084-இல் 400 டிகிரிக்கும் மேலே போக வேண்டும். வீட்டு அவன் அங்கே போகாது. என் முதல் கத்தியில் சோம்பல்பட்டு ஸ்பிரிங்கையும் அலகோடு சேர்த்து 200-இலேயே போட்டேன். மூன்றாவது முறை திறந்தபோது பட்டென்று இரண்டாக நின்றது.

டார்ச்காரர்களுக்கு நிறம்தான் வழி. ஸ்பிரிங்கை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, சூட்டைத் தூரத்தில் இருந்து காட்டினால் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று ஓடி 300-ஐ ஒட்டி நீலம் வரும். நீலத்தில் நிறுத்தாமல் அது வெளிறிச் சாம்பலாகும் வரை போக வேண்டும், அதுவும் நீளம் முழுக்க ஒரே மாதிரி. ஒரு இடம் அதிகமாகிவிட்டால் அங்கே வளைந்தபடியே நின்றுவிடும், அலகும் தொளதொளவென்று ஆடும். முடியாதது இல்லை, செய்திருக்கிறேன், ஆனால் மூன்றில் ஒன்று தேறுவதே பெரிது. கில்னில் எண்ணைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். எப்படிச் செய்தாலும் கத்தியில் கோர்ப்பதற்கு முன் ஸ்பிரிங்கை வைஸில் பிடித்து, கத்திக்குள் வளைவதைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்துப் பாருங்கள், பழைய இடத்துக்கே திரும்பினால் தேறியது.

கில்னுக்கும் ஒரு குறை உண்டு. பத்து நிமிடம் காற்றில் வெந்தால் மேல்தோல் செதிலாகி, அதன் கீழே கார்பன் போய்விடும். சாதாரணக் கத்தியில் அதைச் சாணையில் எடுத்துவிடலாம். மடக்குக்கத்தியில் அலகின் அடிப்பகுதியும் ஸ்பிரிங்கும் உரசும் இடம் இழை பிசகாமல் பொருந்த வேண்டும், ஆகவே செதில் தடுக்கும் பூச்சு பூசுவதோடு அந்த இடத்தில் 0.1 மில்லிமீட்டர் மிச்சம் விட்டுத்தான் உலையில் வைக்க வேண்டும். ஆணி (pin) கோர்க்கும் துளைகளை முன்பே போட்டுவிடுங்கள், கடினமான பிறகு சாதாரண துளைமுனை உள்ளே இறங்காது.

அலகின் அடிப்பகுதி, பாதியில் ஒருமுறை நின்று திறக்கும் சதுர வடிவமா, வழுக்கிக்கொண்டே போகும் உருண்டை வடிவமா என்று இன்னொரு சர்ச்சை உண்டு. சதுரத்தில் திறந்த நிலை, பாதி, மூடிய நிலை மூன்றிலும் ஸ்பிரிங் முதுகோடு மட்டமாக நிற்க வேண்டும், உருண்டையில் இரண்டுதான். முதல் கத்திக்கு உருண்டை.

இப்போது என் ஏற்பாடு இதுதான்: ஒரே 1084 பட்டையிலிருந்து அலகும் ஸ்பிரிங்கும், கடினமாக்குவது இரண்டையும் செங்கல் குழியில், அலகுக்கு வீட்டு அவன், ஸ்பிரிங்கைப் பதப்படுத்த மட்டும் நண்பர் ஒருவரின் கில்ன். அவர் ஊரில் இல்லாத மாதங்களில் அலகுகள் மட்டும் தயாராகி டப்பாவில் எண்ணெய் தடவிக் கிடக்கும்.