லேப்டாப்: அமெரிக்காவிலிருந்தா, எஸ்.பி. ரோட்டிலா?

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனை வாங்கிவரச் சொல்வதா, பெங்களூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலேயே வாங்குவதா? அமெரிக்காவில் போட்டிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. ஓரிகன் மாநிலத்தில் அந்த வரியே கிடையாது. இங்கே ஜி.எஸ்.டி. 18%. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். சார்ஜரும் பெரும்பாலும் 100–240 வோல்ட்டைத் தாங்கும். பிளக் மாற்றினால் போதும்.

சரி, பழுதானால்? வாரண்டியை முதலில் பாருங்கள். பல மாடல்களுக்கு அது வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். மதர்போர்டு போய்விட்டால் மிச்சம் பிடித்த பணமெல்லாம் அதற்கே சரியாகிவிடும். தொழில் செய்பவர் தொழிலுக்காக இங்கே வாங்கி, ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் போட்டால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு என்றால் நான் இங்கேதான் வாங்குவேன். டெஸ்க்டாப்பை மட்டும் அங்கிருந்து சுமந்துவரச் சொல்லாதீர்கள். அந்தச் சுங்கச் சலுகை லேப்டாப்புக்குத்தான்.