மீன் விலைப் பக்கத்துக்கு எந்த எழுத்துரு: நோட்டோவா, முக்த மலரா?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் பச்சை மீன், கருவாடு விலை போடும் சின்ன வெப்சைட் ஒன்றை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எழுத்துரு தேடியதில் கடைசியாக நின்றவை நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன். மூன்றும் யூனிகோடு, மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், அதில் பேச ஒன்றுமில்லை.

அழகுக்கு என் ஓட்டு முக்த மலருக்குத்தான். தமிழும் ஆங்கிலமும் எண்ணும் ஒரே கை எழுதியதுபோல ஒட்டி வரும். கேட்டமரனில் மெலிசு முதல் கனம் வரை 9 வகை இருக்கிறது, தலைப்புக்கு ஜோர். அந்த மெலிசைப் பட்டியலில் மட்டும் போட்டுவிடாதீர்கள்; வெயிலில் நின்று பார்ப்பவருக்குப் புள்ளி தெரியாது, முரல் மீன் 'முரல' ஆகிவிடும்.

நான் எடுத்தது நோட்டோ. ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்து அதுதான், அதனால் தனியாக எதையும் இறக்க வேண்டாம், பக்கத்தின் ஸ்டைலில் (CSS) எழுத்துருப் பெயர் சொல்லாமல் வெறும் சான்ஸ்-செரிஃப் என்று விட்டாலே போதும். மற்ற இரண்டும் அப்படியில்லை. அவற்றுக்கு எழுத்து ஃபைல் தனியாக இறங்க வேண்டும், சிக்னல் ஒரு கோடு நிற்கும் இடத்தில் (தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவர் வேறு நடுவில் நுழையும்) அது வரத் தாமதமானால் எழுத்து இருக்கும் இடம் முதல் சில நொடி வெறுமையாகக் கிடக்கும். ஸ்வாப் (ஃபைல் வரும்வரை போனில் உள்ள எழுத்தைக் காட்டச் சொல்லும் அமைப்பு) போட்டால் உடனே எழுத்து தெரியும், சரி, ஆனால் ஃபைல் வந்து சேர்ந்ததும் அகலம் மாறி வரிகள் ஒரு குதி குதிக்கும். விளமீனுக்குப் பக்கத்தில் உள்ள போன் பட்டனை அமுக்கப் போகிறவர் விரல் கணவாய் வியாபாரிக்கு அடித்துவிடும். ஏல நேரத்தில் இந்த வம்பு யாருக்கு வேண்டும்?

எதை எடுத்தாலும் 'காரல்' என்று மீன் பெயரை அடித்து 18 பிக்சலில் பாருங்கள். காலும் ரகரமும் அடுத்தடுத்து வருகின்றன. ரகரத்தின் அடிச் சாய்வு தெரியாவிட்டால் இரண்டு கால் நிற்பதுபோல இருக்கும். வரி உயரம் ரொம்பக் குறைந்தால் மேல் வரியின் 'மூ'வும் கீழ் வரியின் 'டீ'யும் இடித்துக்கொள்ளும்.

ஐபோனில் நோட்டோ கிடையாது, ஆப்பிளின் தமிழ் எழுத்து வரும். எங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்களில் ஐபோன்காரர்கள் குறைவு, அதனால் அதில் நான் அதிகம் சோதித்ததில்லை. கதை, கட்டுரை போடும் தளமாக இருந்தால் முக்த மலரையே எடுத்திருப்பேன், அங்கே யாருக்கும் அவசரமில்லை.